நகரத்தின் சரக்குப் போக்குவரத்தை வரைபடமாக்க வேண்டும்: எதை எண்ணத் தொடங்குவது?

அளவைநாடா (கேள்வி)

வணக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தின் போக்குவரத்துத் திட்டப் பிரிவில் பணிபுரிகிறேன். மக்கள் எங்கிருந்து எங்கே செல்கிறார்கள் என்பதற்கு வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு எங்களிடம் இருக்கிறது. பேருந்துப் பயணச்சீட்டுத் தரவும் சந்திப்புகளில் எடுத்த வாகன எண்ணிக்கையும் இருக்கின்றன. ஆனால் ஒரு நாளில் நகருக்குள் எத்தனை கடைகளுக்கு எத்தனை முறை சரக்கு வந்து இறங்குகிறது என்று மேலதிகாரி கேட்டபோது எங்களில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. லாரி இத்தனை, வேன் இத்தனை என்ற அட்டவணை உண்டே தவிர, அவை எங்கே நின்றன, எத்தனை நிமிடம் நின்றன, சரக்கோடு திரும்பினவா காலியாகத் திரும்பினவா என்பது எதுவும் அதில் இல்லை.

இப்போது ஒன்பது மாதத்துக்குள் ‘சரக்கு வரைபடம்’ ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, எதை அலகாகக் கொள்வது: டன் கணக்கா, வண்டிக் கணக்கா, நடைக் கணக்கா? இரண்டாவது, சரக்கு நிறுவனங்களின் ஜிபிஎஸ் தரவை விலைக்கு வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்று அலுவலகத்தில் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள், அதை நம்பலாமா? மூன்றாவது, ஆட்களும் பணமும் குறைவாக இருக்கும் நிலையில் நகரம் முழுவதையும் மேலோட்டமாகப் பார்ப்பது நல்லதா, சில தெருக்களை மட்டும் ஆழமாகப் பார்ப்பது நல்லதா?

இதைச் செய்து பார்த்தவர்களின் அனுபவம் வேண்டும். பொதுவான அறிவுரைகள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.

---

நடைக்கணக்கு

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் சரியாகத் தீர்க்காமல் மற்ற இரண்டையும் தொட முடியாது.

பயணிகள் கணக்கெடுப்பில் பழகியவர்கள் சரக்கையும் அதே கண்ணாடியால் பார்ப்பதுதான் வழக்கமான பிழை. ஒரு மனிதர் காலையில் எங்கே புறப்பட்டு எங்கே போனார் என்று அவரையே கேட்டுவிடலாம். ஒரு பெட்டியைக் கேட்க முடியாது. அதன் பயணத்தை அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர் ஆகிய மூவர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். மூவரில் எவருக்கும் முழுப் பயணமும் தெரிந்திருக்காது. மேலும் ஒரு வேன் கிடங்கிலிருந்து கிளம்பி முப்பது இடங்களில் நின்று திரும்பும்போது அதன் ‘புறப்பாடு, சேரிடம்’ இரண்டும் அதே கிடங்கு என்றுதான் உங்கள் அட்டவணையில் பதிவாகும். நடுவில் நடந்த முப்பது இறக்கங்களும் காணாமல் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்குப் பிரான்சில் 1990களில் ஒரு நல்ல வழி கண்டார்கள். போர்தோ, திஜோன், மார்செய் ஆகிய நகரங்களில் நடந்த கணக்கெடுப்புகளில் அவர்கள் எடுத்துக்கொண்ட அலகு, ஒரு நிறுவனத்தின் வாசலில் ஒரு வண்டி நின்று சரக்கை இறக்கும் அல்லது ஏற்றும் ஒரு நிகழ்வு. கடை, அலுவலகம், பட்டறை என ஒவ்வொரு வகையிலும் மாதிரி எடுத்து, ஒரு வாரத்தில் வந்துபோன இறக்க ஏற்றங்களைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். அதே வாசலுக்கு வந்த ஓட்டுநர்களிடம் தனியாக வேறொரு படிவத்தில் கேட்டார்கள். அதிலிருந்து கிடைத்த தோராயக் கணக்கு, ஒரு வேலையாளுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ ஓர் இறக்கமோ ஏற்றமோ நிகழ்கிறது என்பது. ஆனால் இந்தச் சராசரிக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது: நான்கு பேர் வேலை செய்யும் ஒரு மருந்துக்கடைக்கு வரும் வண்டிகள், நாற்பது பேர் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு வருவதை மிஞ்சக்கூடும். அதனால்தான் அவர்கள் தொழில் வகைவாரியாகப் பிரித்து, பின்னர் ‘ஃப்ரேதூர்ப்’ என்ற கணிப்பு மாதிரியை உருவாக்கினார்கள். நிறுவனப் பதிவேடு கையில் இருந்தால், கணக்கெடுப்பு நடத்தாத நகரத்துக்கும் ஓரளவு மதிப்பீடு கிடைக்கும். தோக்கியோவிலும் 1972 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை நிறுவனங்களை மையமாக வைத்தே சரக்குக் கணக்கெடுப்பு நடந்து வந்திருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரென்சலேர் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஹோசே ஒல்கின் வேராஸ் இதை விடாமல் வலியுறுத்தி வருகிறார்: ஓர் இடம் ஈர்க்கும் சரக்கின் அளவும், அது ஈர்க்கும் வண்டி நடைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு கடை இருமடங்கு பெரிதானால் பெரும்பாலும் இறக்கும் சரக்குதான் கூடுகிறது. வரும் வண்டிகள் அதே அளவில் கூடுவதில்லை. பல தொழில்களில் கடையின் அளவு எதுவாக இருந்தாலும் வருகை ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் நிற்கிறது. ஆகவே சதுர அடியைப் பெருக்கி வண்டிகளைக் கணக்கிட்டால் பெரிய அங்காடிக்கு மிகையாகவும் சின்னச் சின்னக் கடைகள் நெருங்கிய தெருவுக்குக் குறைவாகவும் வரும். உண்மையில் நெரிசல் ஏற்படுவதோ அந்தச் சின்னக் கடைத் தெருவில்.

சுருக்கமாக: டன் கணக்கு சாலைத் தேய்மானத்துக்கும் பாலங்களுக்கும் வேண்டும். தெருவைப் புரிந்துகொள்ள இறக்கத்தையே எண்ணுங்கள்.

---

பட்டுவாடா

மேலே எழுதியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வாசல் என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டார். பதினோரு ஆண்டுகள் வேன் ஓட்டியும், அதன்பின் வண்டிகளை அனுப்பும் மேசையில் அமர்ந்தும் கற்ற ஒன்றைச் சொல்கிறேன்: எங்கள் நேரத்தில் பெரும்பகுதி வண்டி ஓடும்போது செலவாவதில்லை. வண்டி நின்ற பிறகுதான் செலவாகிறது.

நிறுத்த இடம் தேடித் தெருவை இரண்டு முறை சுற்றுவோம். கிடைக்காவிட்டால் ஓடும் வண்டிகளுக்குக் குறுக்கே இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியோடு ஓடுவோம். பிறகு காவலாளியின் பதிவேடு, சரக்குக்கென்று தனியே இல்லாத மின்தூக்கி, கையெழுத்திட வேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்ற செய்தி. ஒரு பெட்டியைக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அதில் வண்டியைச் சார்ந்தது இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம். இந்தப் பத்து நிமிடமும் சாலையோர இடம் அடைபட்டிருக்கும் என்பதால், கட்டடத்துக்குள் நடக்கும் தாமதம் தெருவில் நெரிசலாகத் தெரிகிறது. உங்கள் வரைபடம் வாசலோடு நின்றுவிட்டால் இந்தக் காரணம் அதில் தெரியவே தெரியாது.

சியாட்டில் நகரத்தில் இதைச் சரியாகப் பிடித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகரச் சரக்கு ஆய்வகம், கடைசி ஐம்பது அடி என்று பெயரிட்டே இதை ஆராய்ந்தது. எந்தக் கட்டடத்தில் தனியார் இறக்குமிடம் இருக்கிறது என்ற பட்டியல் நகர நிர்வாகத்திடம் இல்லாததால், ஆட்கள் தெருத்தெருவாக நடந்து பார்த்துக் குறித்தார்கள். நகர மையத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 87 விழுக்காடு கட்டடங்களுக்குச் சொந்த இறக்குமிடம் கிடையாது என்றும், அவை சாலையோரத்தையும் பின்பக்கச் சந்துகளையுமே நம்பியிருக்கின்றன என்றும் தெரிந்தது. அதே குழு 62 மாடிகள் கொண்ட ஒரு கட்டடத்தில் பொதுப் பார்சல் பெட்டகம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, சரக்குக் கொண்டுவருபவர் உள்ளே செலவிடும் நேரம் 78 விழுக்காடு குறைந்தது. எந்தச் சாலையையும் அகலப்படுத்தாமல் கிடைத்த இடம் அது.

செலவில்லாமல் கிடைக்கும் ஒரு தரவையும் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்துக் காவலரின் அபராதச் சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். சரக்கு வாகனங்களுக்கு எந்த இடத்தில், எந்த மணியில் அபராதம் விழுந்தது என்பதே இறக்குமிடம் எங்கே போதவில்லை என்பதற்கான கச்சா வரைபடம். நாங்கள் அபராதத்தைத் தொழிலின் வாடகையாகவே கணக்கில் எழுதி வந்தோம். நியூயார்க்கில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு சீட்டையும் எதிர்த்து வழக்காடுவதை விட்டுவிட்டு, நிர்ணயித்த குறைந்த தொகையைக் கட்டிவிடுவதற்கு ஒரு திட்டமே இருக்கிறது. காவலர் போகாத தெருவில் சீட்டு இருக்காது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

---

சுருள்வழி

நிலவரைபட மென்பொருளோடு காலம் தள்ளுபவன் என்ற முறையில் ஜிபிஎஸ் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு நகரங்களுக்காக அந்தத் தரவைப் பிரித்து மேய்ந்திருக்கிறேன்.

முதலில் வண்டி நின்றதையும் சரக்கு இறங்கியதையும் பிரித்தறிய வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் அசையாவிட்டால் இறக்கம் என்று ஓர் எல்லை வைத்தால், நீண்ட சிக்னலும் ரயில்வே கேட்டும் இறக்கமாகிவிடும்; எல்லையைக் கூட்டினால் இரண்டு நிமிடத்தில் பார்சலை வைத்துவிட்டு ஓடும் ஓட்டுநர் மறைந்துவிடுவார். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே புள்ளி பல மீட்டர் நகர்ந்து விழுவதால் அவர் தெருவின் எந்தப் பக்கத்துக் கடைக்குப் போனார் என்பதும் தெரியாது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஐந்து கடைகளுக்கு நடந்து கொடுத்தாரென்றால், அந்த ஐந்தும் ஒரே புள்ளி.

இவற்றையெல்லாம் பொறுமையிருந்தால் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத குறை மாதிரியின் சாய்வு. தரவை விற்கும் நிலையில் இருப்பவை பெரிய வாகனக் கூட்டங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள். தன் கடைக்குத் தானே சரக்கு ஏற்றிவரும் சிறு வியாபாரியும், ஒற்றை வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுபவரும், இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டு செல்பவரும் அதில் இருக்கமாட்டார்கள். கட்டுமானப் பொருள், குப்பை, மின்தூக்கி பழுதுபார்க்க வரும் வேன் ஆகியவையும் பெரும்பாலும் இருக்கமாட்டா. பார்சல் வண்டிகள் மட்டும் வண்ணம் வண்ணமாக ஒளிரும் படம் ஒன்று கிடைக்கும். அதைப் பார்த்தவர்கள் நகரத்தின் சரக்கு என்றாலே பார்சல் என்று முடிவுகட்டிவிடுவார்கள். முதல் நகரத்தில் இந்தத் தவற்றை நானே செய்தேன். கூட்டத்தில் எல்லோரும் பாராட்டிய அந்தப் படத்தை வைத்து இறக்குமிடங்களை ஒதுக்கினோம். மொத்தக் கடைகள் இருந்த தெரு அதில் இருட்டாகவே இருந்ததால் அங்கே ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

எனவே ஜிபிஎஸ்ஸை நுழைவுவழிகளுக்கும் பயண நேரத்துக்கும் முக்கியப் பாதைகளுக்கும் பயன்படுத்துங்கள். சாலையோரத்துக்கு வேறு தரவு வேண்டும். திறந்த நடமாட்ட அறக்கட்டளை (ஓப்பன் மொபிலிட்டி ஃபவுண்டேஷன்) 2022இல் சாலையோரத் தரவுக்கென ஒரு பொது வடிவத்தை வெளியிட்டது: எந்தத் துண்டுச் சாலையோரத்தில் யார், எந்த மணியில், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை எல்லாக் கணினிகளும் படிக்கும் வகையில் எழுதும் முறை அது. பார்சலோனாவில் சரக்கு இறக்கும் ஓட்டுநர் கைபேசிச் செயலியில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும், முப்பது நிமிடம்வரை நிற்கலாம் என்று விதி வைத்தார்கள். நேரக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஏற்பாடுதான் என்றாலும், நாள்தோறும் தானாகவே நிரம்பும் கணக்கெடுப்பாகவும் அது ஆகிவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே கிடக்கும் ஒரு வரைபடத்தை வரைந்துவிடுங்கள்: தடைகளின் வரைபடம். கனரக வாகனத் தடை நேரம், பாலத்தின் உயர வரம்பு, எடை வரம்பு, ஒருவழித் தெரு ஆகியவை வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் சிதறிக் கிடக்கும். அவை ஒரே தாளில் வந்ததே இல்லை. லண்டனில் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இரவிலும் வார இறுதியிலும் 1985 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அதை அறியாமல் அங்கே ஓர் இரவு லாரியின் பாதையைப் பார்ப்பவருக்கு ஓட்டுநர் வழிதவறிச் சுற்றுகிறார் என்றே தோன்றும். எங்கள் இரண்டாவது நகரத்தில் இந்தத் தாளைப் பரப்பி வைத்தபோது, தெற்கிலிருந்து வரும் பெரிய லாரிக்குப் பகலில் சட்டப்படி நகருக்குள் நுழைய ஒரு வழிகூட இல்லை என்று தெரியவந்தது. ஆனால் லாரிகள் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருந்தன.

---

அளவைநாடா

மூவருக்கும் நன்றி. தடைகளின் வரைபடத்தை இந்த வாரமே தொடங்கிவிடுகிறேன். உயர வரம்புகள் பொறியியல் பிரிவிலும் தடை நேரங்கள் காவல்துறையிலும் இருக்கின்றன என்பது இன்றுதான் எனக்கே தெரியவந்தது.

என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நிறுவனக் கணக்கெடுப்பு என்றால் ஆயிரக்கணக்கான படிவங்கள் ஆகும். எங்களிடம் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். இன்னொன்று, வீட்டுக்கே வரும் பொருள்கள் இந்த முறையில் எங்கே பதிவாகும்?

---

நடைக்கணக்கு

எங்கும் பதிவாகாது, நான் சொல்லாமல் விட்ட குறை அது. நிறுவனத்தின் வாசலைக் கணக்கெடுக்கும் முறை உருவான காலத்தில் இணைய வணிகம் இல்லை. இதற்குத் தனிக் கணக்கெடுப்பு தேவைப்படாது. அடுத்த முறை வீடு வீடாகப் பயணக் கணக்கெடுக்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். அமெரிக்காவின் தேசிய வீட்டுப் பயணக் கணக்கெடுப்பில் 2009இலும் 2017இலும் இப்படித்தான் கடந்த ஒரு மாதத்தில் இணையத்தில் வாங்கி வீட்டுக்கு வரவழைத்ததைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு மாதத்தை நினைவுகூர்வது கடினம் என்பதால் நீங்கள் ஒரு வாரம் என்று கேட்கலாம்.

ஆறு பேருக்கு ஏற்ற முறையும் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெருநகரச் சரக்கு ஆய்வகம் பல நாடுகளின் நகரங்களில் ‘ஒரு சதுர கிலோமீட்டர்’ முறையைக் கையாண்டது. நகரத்தில் ஏறத்தாழ அந்த அளவுள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் எல்லாக் கடைகளையும் வகைப்படுத்தி, சாலை அகலம், இறக்குமிடம், விதிகள் ஆகியவற்றைக் குறித்து, சில தெருக்களில் நாள் முழுவதும் நின்று ஒவ்வொரு இறக்கத்தையும் அதனால் போக்குவரத்துக்கு ஏற்படும் தடையையும் எழுதுவார்கள். மாணவர்களை வைத்தே செய்துவிடலாம். ஆகவே என் விடை, ஆழமாகப் பார்ப்பதே. ஆனால் ஒரே துண்டை எடுத்தால், அதிலும் எல்லோரும் உடனே கைகாட்டும் பழைய கடைவீதியை மட்டும் எடுத்தால், அது நகரத்தின் மற்ற பகுதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடைவீதி ஒன்று, அலுவலகக் கட்டடங்கள் நிறைந்தது ஒன்று, குடியிருப்பு ஒன்று என்று மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் வகைவாரி எண்ணிக்கையை நிறுவனப் பதிவேட்டின் மேல் பரப்பினால் நகரத்தின் மொத்தத்துக்கும் ஒரு மதிப்பீடு வரும். அதன் பிழை எல்லையைச் சந்திப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

---

பட்டுவாடா

நாள் முழுவதும் என்றால் எப்போதிலிருந்து? அலுவலகத்தார் நாள் என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து என்று எண்ணுவார்கள். நான் சுமை இறக்கிய கடைகளில் பாதிக்கும் மேற்பட்டவை கதவு திறக்கும் முன்பே சரக்கு வேண்டும் என்று கேட்டவை. விடியலுக்கு முன் ஆள் நிற்கவில்லையென்றால் உங்கள் கணக்கு பாதிதான்.

நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் படிவத்தில் கேளுங்கள். ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 2009, 2010 வாக்கில் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை சரக்கு இறக்கும் சோதனையை நடத்தினார்கள். மேலே குறிப்பிட்ட பேராசிரியர் ஒல்கின் வேராஸ்தான் முன்னின்றார். சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு இரவு எளிது, வேகமும் கூடும் என்றாலும், பெறுபவர் ஒப்புக்கொள்ளாமல் நேரம் மாறாது என்பதால் ஊக்கத்தொகையைப் பெறுபவர்களுக்கே கொடுத்தார்கள். ஆகவே வந்த மணியோடு நிறுத்தாமல், வேறு மணியில் வந்தால் வாங்கிக்கொள்வீர்களா, சாவியைக் கொடுத்து வைப்பீர்களா என்று கடைக்காரரையும் கேட்டு எழுதுங்கள். விடை ‘முடியாது’ என்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள்.

---

சுருள்வழி

ஒரு சேர்க்கை மட்டும். வரைபடத்தை நகர எல்லையில் வெட்டிவிடாதீர்கள். நிலத்தின் விலை ஏறியதால் கிடங்குகள் புறநகருக்கு அப்பால் நகர்ந்து கொண்டே போவதைப் பாரிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற இடங்களில் லெத்தீசியா தப்லாங் முதலிய ஆய்வாளர்கள் ஆண்டுவாரியாக அளந்து காட்டியிருக்கிறார்கள். கிடங்கு விலக விலக அதே பார்சலுக்கு வண்டி ஓடும் தூரம் கூடும். உங்கள் தெருவில் நிற்கும் வேனின் காலைப் பொழுது வேறொரு நிர்வாகத்தின் எல்லைக்குள் தொடங்குகிறது. அந்தப் பக்கத்து அலுவலகத்தாரிடமும் கிடங்குப் பட்டியல் கேளுங்கள்.

---

அளவைநாடா

திட்டம் ஓரளவு உருவாகிவிட்டது. மூன்று பகுதிகள், விடியலுக்கு முன்பிருந்து இரவு வரை கண்காணிப்பு, பெறுபவருக்கு ஒரு படிவம், ஓட்டுநருக்கு ஒரு சிறு படிவம். ஜிபிஎஸ் தரவை நுழைவுவழிகளுக்காக ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குகிறோம். டன் கணக்குத்தான் வேண்டும் என்று மேலதிகாரி இன்னும் சொல்கிறார். பாலங்களுக்கான அட்டவணையில் அதைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நிறுவனப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததில் ஒரு தலைவலி. மூடப்பட்ட கடைகள் அதில் உயிரோடு இருக்கின்றன. பல நிறுவனங்களின் முகவரி, கணக்கர் அலுவலகத்தின் முகவரியாக இருக்கிறது. களப்பணிக்கு முன் மூன்று பகுதிகளிலும் ஒருமுறை நடந்து பட்டியலைத் திருத்தப் போகிறோம். அந்த நடையில் வேறு எதையாவது சேர்த்துக் குறிக்க வேண்டுமா?

---

பட்டுவாடா

பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று ஒரு கட்டம் போடுங்கள். முகவரியில் இருப்பது பெயர்ப்பலகை தொங்கும் தெரு. சரக்கு இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் தெருவில். அந்தக் கதவின் அகலத்தையும், வாசலில் படி இருக்கிறதா சாய்தளம் இருக்கிறதா என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள். தள்ளுவண்டி ஏறாத ஒரு படி, ஒவ்வொரு இறக்கத்திலும் எங்கள் நேரத்தில் பல நிமிடங்களை விழுங்கும்.